ஏகாதசியில் விழாத புள்ளி

சரஸ்வதிபுரம், மைசூர்
வெள்ளிக்கிழமை

மகாராஜஸ்ரீ பேராசிரியர் ஸ்ரீகண்டய்யா மேஷ்டர் அவர்களுக்கு, தங்களிடம் ஆராய்ச்சி செய்யும் சிஞ்சனாவின் அஜ்ஜி துங்கம்மா அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் முழங்கால் வலியும் மிக்ஸியும் சௌக்கியம். அங்கே தங்கள் வீட்டுப் பெரியவர்கள், குழந்தைகள், கட்டியிருக்கும் பசு எல்லாரையும் சாமுண்டித் தாய் காக்க வேண்டும். பசு இல்லாவிட்டால் ஸ்கூட்டரை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் என் பேத்தி கம்ப்யூட்டர் காசுக்கு வரைபடம் போடுகிறாள் என்று பால்காரர் முதல் பல் டாக்டர் வரை சொல்லியாயிற்று. பல் டாக்டர், ‘என்ன வரைபடம்?’ என்று திருப்பிக் கேட்டபோதுதான் எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது தெரிந்தது. வாய் திறந்தபடி இருந்ததால் தப்பித்தேன். போன ஞாயிறு ஹாஸ்டலிலிருந்து வந்தவளை உட்காரவைத்துக் கேட்டேன். அந்தக் காசுக்கு பேங்க் கிடையாது, மேனேஜர் கிடையாது, உலகம் பூராவும் ஆயிரக்கணக்கான பெட்டிகள் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டே கணக்கைக் காக்கின்றனவாம். எங்கெங்கே எத்தனை பெட்டி என்று யாருக்கும் தெரியாதாம். அதனால் இவள் ஒரு பெட்டியின் கதவைத் தட்டி, ‘உனக்கு யார் யாரைத் தெரியும்?’ என்று கேட்பாளாம். அது ஒரு பட்டியல் கொடுக்கும். அந்த வாசல்களுக்குப் போய் மறுபடியும் அதே கேள்வி. கதவு திறந்தவர்களுக்கெல்லாம் வரைபடத்தில் ஒரு புள்ளி.

நான் சொன்னேன், இதைத்தானே கௌரிப் பண்டிகைக்கு மஞ்சள் குங்குமத்துக்கு அழைக்கும்போது நாற்பது வருஷமாகச் செய்கிறேன், இதற்கு எதற்கு ஸ்காலர்ஷிப் என்று. அதோடு விட்டேனா? ‘ஏண்டி, ஒருத்தியே புடவை மாத்திக்கிட்டு வந்து ரெண்டு தேங்காய் வாங்கிட்டுப் போனா உன் மெஷின் கண்டுபிடிக்குமா? எங்க தெருவிலே ஒருத்தி அப்படி வந்தா. நான் வளையலை வச்சே பிடிச்சேன்’ என்று பெருமை வேறு அடித்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் மைசூர்ப் படத்தைக் காட்டினாள். எழுபது நாளில் நம் ஊரில் அறுபத்தொரு புதுப் புள்ளி! காலை ஒன்பது மணிக்கு ஒன்று பிறக்கிறது, மறுநாள் ஒன்பதுக்குச் சாகிறது, உடனே இன்னொன்று. ‘ஏகாதசியிலே அநேகமா விழறதே இல்லை அஜ்ஜி. ஏன்னு நினைக்கிறே?’ என்றாள். மைசூர்க்காரர்கள் ஏகாதசியில் புதுக்காரியம் தொடங்க மாட்டார்கள், எழுதிக்கொள் என்றேன். நோட்டில் எழுதியும் கொண்டாள் மேஷ்ட்ரே, அதனால்தான் இந்தக் கடிதம்.

ஏனென்றால் திங்கட்கிழமை காலை சட்னி அரைக்கப் போனேன். எங்கள் வீட்டில் யூபிஎஸ் வரும் ப்ளக் ஒன்றே ஒன்று. சட்னி பாதியில் கரண்ட் போனால் மானம் போகும் என்று மிக்ஸியை அதில்தான் போடுவேன். அங்கே ஏற்கெனவே இன்டர்நெட் பெட்டியும், சிஞ்சனா முதல் வருஷம் பழகுவதற்கு வைத்துவிட்டு மறந்துபோன ஒரு குட்டிக் காசுக்கணக்குப் பெட்டியும் ஒரே ஒயரில் மாட்டியிருக்கும். அவள் மறந்தாலும் நான் மறக்கவில்லை, ஆயுத பூஜைக்குக் குங்குமம்கூட வைத்தேன். தினம் ஒன்பது மணிக்கு அந்த ஒயரைப் பிடுங்கி மிக்ஸியைச் செருகி, அரைத்து, மறுபடி ஒயரைச் செருகுவேன். அன்று பச்சை விளக்கு அணைந்து எரிந்ததைப் பார்த்ததும் பொறி தட்டியது. வைத்த அன்றே சொல்லியிருந்தாள், இன்டர்நெட் பெட்டியை அணைத்துப் போட்டால் கம்பெனிக்காரன் நம் வீட்டுக்குப் புது விலாசம் கொடுத்துவிடுவான் என்று. காலண்டரை எடுத்து எண்ணினேன். எழுபது நாள். ஏகாதசி ஐந்து, நாற்பத்திரண்டு வருஷமாக அன்றைக்கு அடுப்பில் தாளிப்புச் சத்தம் கேட்டதில்லை. நாத்தனார் பிள்ளையின் கிரகப்பிரவேசத்துக்கு சிருங்கேரி போனது ஐந்து நாள். பாக்கி அறுபது. உங்கள் படத்தில் அறுபத்தொன்று. ஒன்று உதைக்கிறது, ஆனால் ஐந்தாம் வகுப்பில் கணக்கில் நான்தான் முதல், ஆகவே தப்பு உங்கள் மெஷினில்.

ஆக, புடவை மாற்றிக்கொண்டு வந்து அறுபது தேங்காய் வாங்கிய அந்தப் பொம்பளை நான்தான். வருகிற திங்கட்கிழமை டெல்லியிலிருந்து பரீட்சகர் வருகிறார். அவர் எதிரே அந்தக் குழந்தை எழுந்து நின்று, மைசூரில் இத்தனை பெட்டி என்று பொய்க்கணக்கு சொன்னால் நாலு வருஷ உழைப்பு போயிற்றே. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள்தான் பக்குவமாகச் சொல்லித் திருத்த வேண்டும். அவமானம் வந்தால் என் பேரைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எண்ணிக்கையில் மட்டும் பொய் கூடாது. ஒரு புள்ளியானாலும் கூட்டவோ குறைக்கவோ கூடாது, அது எங்கள் வம்சத்திலேயே கிடையாது. இனி அந்த ப்ளக்கைத் தொடவும் மாட்டேன், சட்னிப் பொடி போதும்.

தங்கள் சம்சாரத்துக்கு என் ஆசீர்வாதம். குழந்தைகளுக்கு திருஷ்டி கழிக்கவும்.

இப்படிக்கு,
துங்கம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குப் பசை தேடும்போது சிஞ்சனாவே வந்துவிட்டாள். கடிதத்தைப் பிடுங்கிப் படித்து, சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதமாக அவளுக்குத் தெரியுமாம், உங்களுக்கும் தெரியுமாம். ஒரே வீட்டை அறுபத்தொரு வீடாக எண்ணிவிடும் தப்புதான் அவள் ஆராய்ச்சியே என்கிறாள். எனக்குத் தெரிந்தால் ஜாக்கிரதையாகிவிடுவேன் என்று சொல்லாமல் இருக்கச் சொன்னதும் நீங்கள்தானாம். ஞாயிறன்று நோட்டில் என்ன எழுதினாள் என்று பார்த்தேன். ‘அஜ்ஜிக்கு இன்னும் தெரியவில்லை.’

போகட்டும். பிறகு படத்தில் ஒரு புள்ளிமேல் விரலை வைத்தாள். ‘உன் கணக்கிலே உதைச்சது இதுதான் அஜ்ஜி. போன ஏகாதசி, காலைலே ஒன்பது. என்ன அரைச்சே?’ கரண்ட் போயிருக்கும் என்றேன். ‘அந்த ப்ளக் யூபிஎஸ்லே இருக்கு அஜ்ஜி’ என்றாள்.

மேஷ்ட்ரே, தேங்காய்ச் சட்னி. தோசை மூன்று. மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். அறுபத்தொன்றை அறுபது என்று போட்டால் தேசத்துக்கு ஒன்றும் நஷ்டமில்லை, பார்க்கவும் லட்சணமாக இருக்கும்.