மீன் தொடாத மருமகளைக் குறித்துச் சம்மந்திக்கு

இராஜாக்கமங்கலம்,
திங்கட்கிழமை காலை.

அஞ்சுகிராமம் கோழி மொத்த வியாபாரியும் எங்கள் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்மந்தியுமாகிய நேசமணி அவர்கள் சமூகத்துக்கு, எடையளவு முத்திரை ஆய்வாளராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுவேல் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இவ்விடம் நானும் என் மனைவி சத்தியபாயும் சுகம். மஸ்கட்டில் மகன் வினோஜும் சுகம் என்று வாட்ஸ்அப்பில் சொல்லுகிறான். அவ்விடம் நீங்களும் சம்மந்தியம்மாளும் கோழிகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். உங்கள் மகளும் எங்கள் மருமகளுமாகிய ஷைஜா சுகமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் கடையில் நின்றுகொண்டு ஸ்பீக்கரில் போடுகிறவர் என்பது எனக்குத் தெரியும். போன தடவை நான் பேசியதைக் கோழி வாங்க வந்தவர் ஒருவர் நடுவில் புகுந்து திருத்தினார். ஆகவே எழுத்தில்.

விஷயம் இதுதான். கல்யாணம் பேசும்போது "பொண்ணுக்கு மீனு இறைச்சி அவ்வளவு பிடிக்காது" என்று நீங்கள் சொன்னீர்கள். அதில் "அவ்வளவு" என்ற வார்த்தை எதற்கு வந்தது என்று நான் அன்றைக்கே விசாரித்திருக்க வேண்டும். வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துபோயிற்று: மீன் இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை, தயிர், மோர், நெய் இல்லை, தேன்கூட இல்லை. வீகன் என்று அதற்குப் பெயராம். கோழி மொத்த வியாபாரி வீட்டுப் பெண், முட்டை அடுக்குகளுக்கு நடுவே வளர்ந்த பெண், இப்படி இருப்பாள் என்று யார் நினைப்பார்? காரணம் கேட்டேன். "காரணம் ஒண்ணும் இல்ல மாமா, எனக்கு வேண்டாம்னு தோணிச்சு, விட்டுட்டேன்" என்றாள். காரணம் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பவர்களை என் சர்வீஸில் நிறையப் பார்த்திருக்கிறேன். காரணமே சொல்லாதவர்களை எப்படிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதும் நான் சும்மா இருந்தேன். ஆனால் இப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். எங்களுக்கு வினோஜ் ஒருத்தன்தான், அவனும் எங்கள் கல்யாணம் ஆகி ஒன்பது வருடம் கழித்துக் கிடைத்தவன். இது முதல் பேரப்பிள்ளை. பிள்ளைக்கு ரத்தம் ஊற வேண்டாமா, எலும்பு பிடிக்க வேண்டாமா, மூளை வளர வேண்டாமா? பயந்து சாகிறேன் சம்மந்தி, வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தாணம்மாள் வேறு வந்து, "மீனு திங்காதவளுக்குப் பல்லில்லாத பிள்ளைதான் பிறக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள்தான் சத்தியபாய், "இஞ்ச பாருங்க, எல்லாப் பிள்ளையும் பல்லில்லாமத்தானே பிறக்கும்" என்று ஞாபகப்படுத்தினாள். அதற்கப்புறம் ஒரு வாய் சாப்பிட்டேன்.

உங்கள் மகள் என்ன தின்கிறாள் என்று கவனித்து வருகிறேன். காலையில் கேப்பைக் கூழ், மத்தியானம் தேங்காய் போட்ட முருங்கைக்கீரைத் துவரன், சிறுபயறு, காணப்பயறு, பள்ளிக்கூடத்துக்கு எள்ளுருண்டை. அவள் கணக்கு டீச்சராக இருக்கிற பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் கோலப்பனிடம், டீச்சர் ஒளித்து வைத்து முட்டை தின்கிறாளா என்று பார்க்கச் சொல்லி வைத்தேன். அவன் ஒரு வாரம் பார்த்துவிட்டு, "சாரே, டீச்சரு எள்ளுருண்டதான் திங்குதா, எனக்கும் ரெண்டு தந்தா, ருசி கொள்ளாம்" என்று ரிப்போர்ட் தந்தான். சாட்சியைக் கலைத்துவிட்டாள் என்று எழுதி வைத்துக்கொண்டேன். கீரை சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்கிறாள், அப்போதுதான் கீரையில் இருக்கிற இரும்பு உடம்பில் பிடிக்குமாம். சாப்பிட்டதும் தேயிலை குடிக்கக் கூடாதாம், குடித்தால் பிடித்த இரும்பும் போய்விடுமாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற இரும்பு மாத்திரையைக் காலையிலும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையைச் சாயங்காலமும் விழுங்குகிறாள், இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று தள்ளுமாம். இவ்வளவும் யார் சொன்னது என்றால் டாக்டர் என்கிறாள். எனக்கென்னவோ இரும்பு இவ்வளவு ஒழுங்காகச் சொன்ன பேச்சுக் கேட்கும் என்று தோன்றவில்லை.

அப்புறம் பி-டுவெல் என்று ஒன்று. அது செடி கொடியில் கிடையாதாம், அவளே ஒப்புக்கொண்டாள். அப்பாடா, மாட்டினாள் என்று, "அப்ப மீனு தின்னுதானே ஆகணும் மக்கா?" என்று கேட்டேன். "மீனுக்கும் அது கிருமியிலேர்ந்துதான் வருது மாமா. கிருமி செய்யுறதத்தான் மாத்திரையாக்கி வெச்சிருக்கான், நான் நேரா வாங்கிக்கிடுதேன். நடுவுல மீனு எதுக்கு?" என்றாள். நீங்கள் மொத்த வியாபாரி, உங்களுக்கு இது நியாயமாகப் படலாம். நான் மாத்திரையை வாங்கி அட்டையைப் பார்த்தேன். மைக்ரோகிராம் என்று போட்டிருக்கிறது. கிராம் தெரியும், மில்லிகிராம் தெரியும், நகைக்கடைத் தராசில் மில்லிகிராம் கல்லை இடுக்கியால் எடுத்து வைத்திருக்கிறேன். அதையும் ஆயிரமாகப் பிரித்த ஒன்றை எவன் நிறுத்துப் போட்டான், எந்த ஆய்வாளர் போய்ப் பார்த்தார்?

இனி சொல்லப்போவது எங்கள் பக்கத்துத் தப்பு. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு அவள் வாயால் தெரிந்து நீங்கள் என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது. போன மாதம் நானும் சத்தியபாயும் கலந்து பேசி, நெத்திலிக் கருவாட்டை நன்றாக வறுத்து, மாவாகப் பொடித்து, காணத் துவையலில் ஒரு ஸ்பூன் கலந்துவிட்டோம். மணம் தெரியாமலிருக்க நல்லமிளகும் பூண்டும் கூட்டித்தான் போட்டது. ஷைஜா சாப்பிட உட்கார்ந்தாள். எங்கள் வீட்டுப் பூனை, ஷைஜா கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவள் தட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காத சவம், அன்றைக்குப் பார்த்து நேராக வந்து அவள் முட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேலே பார்க்கிறது. அவள் பூனையைப் பார்த்தாள். துவையலைப் பார்த்தாள். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள். சத்தம் போட்டிருந்தால்கூட நான் பதில் சொல்லியிருப்பேன்.

மறுநாளிலிருந்து அவள் டப்பாக்கள் எல்லாவற்றுக்கும் மூடியின் மேல் குறுக்கே ஒரு காகிதம் ஒட்டி, தேதி எழுதி, கையெழுத்தும் போட்டு வைக்கிறாள். "இது என்னம்மா?" என்று கேட்டேன். "முத்திரை மாமா. கிழிஞ்சிருந்தா தெரியும்லா" என்றாள். சம்மந்தி, திருட்டுத் தராசைக் கைப்பற்றினால் நாங்கள் எப்படி ஒட்டுவோமோ அப்படியே, ஓரம் ஒரு நூல் பிசகாமல் ஒட்டியிருந்தாள். எனக்கு வந்ததே ஒரு சங்கடம், என் வீட்டு அடுக்களையிலேயே என்னை நம்ப முடியாத ஆளாக ஆக்கிவிட்டாளே என்று. வினோஜுக்குப் போன் போட்டால் அவன், "அப்பா, தப்பு உங்க பேர்ல. அவள விடுங்க" என்று வைத்துவிட்டான். அங்கேயும் கட்சி சேர்த்து வைத்திருக்கிறாள்.

சரி, ரத்தம் பொய் சொல்லாதே, அதைப் பார்ப்போம் என்று நாகர்கோவிலில் ஒரு லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் எழுதிக் கொடுத்தது இரண்டே பரிசோதனை, நான்தான் எல்லாச் சத்தையும் பார்க்கச் சொன்னேன். ஆனால் லேபை எப்படி நம்புவது? தராசு சரியா என்று பார்க்க வேண்டுமானால் சரியான படிக்கல்லை வைத்துப் பார்க்க வேண்டும், அதுதான் எங்கள் டிப்பார்ட்மெண்ட் முறை. இந்த வீட்டில் சரியான படிக்கல் யார்? அறுபத்தேழு வருடம் சாளையும் அயிலையும் நெத்திலியும் தின்று வளர்ந்த நான்தான். ஆகவே கையை நீட்டி என் ரத்தத்தையும் கொடுத்தேன். என்னுடையது சரியாக வந்தால் லேபு சரி, ஷைஜாவுடையது குறைந்தால் குற்றம் உறுதி.

ரிப்போர்ட் வந்தது. ஷைஜாவுக்கு ஹீமோகுளோபின் சரி, வைட்டமின் டி சரி, பி-டுவெல் நானூற்றுப் பன்னிரண்டு. மனுவேலுக்கு நூற்றி இருபத்தாறு. வைட்டமின் டி பதினொன்று. இரண்டுக்கும் நேரே நட்சத்திரக் குறி போட்டு "குறைவு" என்று அடித்திருக்கிறான். பெயர் மாறிப்போயிற்று என்று அங்கேயே சண்டை போட்டேன். அந்த லேபுப் பெண், "சார், உங்க பேரு மனுவேல், அவங்க பேரு ஷைஜா, இதுல எப்பிடி மாறும்?" என்கிறாள். வேறொரு லேபுக்குப் போனேன். பெயரே கொடுக்காமல் 'அ', 'ஆ' என்று சீட்டு ஒட்டி எடுக்கச் சொன்னேன். 'ஆ' தேறியது, 'அ' நூற்றி இருபத்து நாலு. 'அ' நான்தான். பிறகு பத்து நாள் மூன்று நேரமும் மீன் தின்றேன், சத்தியபாய் அயிலையைப் பார்த்தாலே முகம் திருப்புகிற அளவுக்கு. அதற்கப்புறம் மூன்றாவது லேபு. நூற்றி இருபத்தொன்று! மீன் தின்னத் தின்னக் குறைகிறது. இதில் ஏதோ இருக்கிறது. மூன்று லேபையும் உங்கள் மகள் கைக்குள் போட்டிருக்கிறாளா, அல்லது மீனிலேயே இப்போது சத்தில்லாமல் பண்ணிவிட்டார்களா, இரண்டில் ஒன்று.

ஆகவே முடிவாகச் சொல்லுகிறேன். ஏழாம் மாதம் சோறு கொண்டுவந்து பெண்ணை அழைத்துப் போகிறதுதான் நம் வழக்கம். அதுவரை காத்திருக்க என்னால் முடியாது. வருகிற வியாழக்கிழமையே வந்து ஷைஜாவை அஞ்சுகிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் கடையில் முட்டைக்கா பஞ்சம்? தகப்பன் என்ற முறையில் நீங்களாவது அதட்டி ஒரு முட்டை, ஒரு தம்ளர் பால் கொடுத்துப் பாருங்கள். நான் சொல்லிக் கேட்கவில்லை, அவள் என்னை நம்புவதும் இல்லை, நானும் அவளை நம்பவில்லை, ஒரே வீட்டில் இப்படி எத்தனை நாள் இருப்பது?

சம்மந்தியம்மாளுக்கு எங்கள் ஸ்தோத்திரத்தைச் சொல்லவும். கர்த்தர் உங்கள் வியாபாரத்தையும் வீட்டையும் காத்து, பிறக்கப்போகிற பிள்ளைக்கு நிறைவான ஆயுசைத் தர வேண்டுகிற,

உங்கள் சம்மந்தி,
அ. மனுவேல்

பி.கு. (புதன்கிழமை): மேலே கண்டது திங்கட்கிழமை எழுதியது. எழுதிய காகிதத்தைக் கிழிக்கிற வழக்கம் என் உத்தியோகத்தில் கிடையாது, ஆகவே அப்படியே அனுப்புகிறேன். ஆனால் அதில் சொன்னபடி எதையும் செய்துவிடாதீர்கள்.

அன்றைக்கு இந்தக் கவரை எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்கு நடந்து போனேன். கவுண்டரில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, "சாரே, ஒத்தச் செருப்போட வந்திருக்கியளே?" என்றாள். குனிந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. உள்ளங்காலில் சிப்பி ஓடு கிழித்து ரத்தம் தரையெல்லாம் கிடக்கிறது. எனக்கு வலிக்கவே இல்லை சம்மந்தி. செருப்பு எங்கே கழன்றது என்றும் தெரியவில்லை. அப்போது வெயிலில் மூச்சு வாங்க, பள்ளிக்கூடம் லீவாகி வீட்டிலிருந்த ஷைஜா வருகிறாள், கையில் அந்தச் செருப்பு. வாசல் படிப்புரை தாண்டினதுமே கழன்று கிடந்ததாம், கூப்பிட்டாளாம், எனக்குக் கேட்கவில்லை. காலைப் பார்த்தாள். "மாமா, எத்தன நாளா இப்பிடி மரத்துப் போகுது?" என்று கேட்டாள். எட்டு மாதமாக இருக்கிறது. சத்தியபாயிடம்கூடச் சொல்லவில்லை, வயசாகிவிட்டது என்று வினோஜ் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவானோ என்ற பயம். அவளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. என் கையில் இருந்த கவரில் உங்கள் பெயரைப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கா? போட்டுட்டு வாங்க, நான் நிக்குதேன்" என்றாள். நான் அதைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

அங்கிருந்தே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள், மூன்று ரிப்போர்ட்டையும் அவளே போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, பன்னிரண்டு வருடமாக நான் விழுங்குகிற சர்க்கரை மாத்திரையும் வயிற்றெரிச்சல் மாத்திரையும் பி-டுவெல்லை உடம்பில் ஏற விடாமல் தடுத்திருக்கும், அப்புறம் எவ்வளவு மீன் தின்றாலும் போதாது என்றார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் நரம்பு திரும்பாதாம். "யாரு இந்த டெஸ்ட் எடுக்கச் சொன்னது?" என்று கேட்டார். ஷைஜாதான், "மாமாதான் டாக்டர், என் பேர்ல உள்ள கவலையில" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஊசிக்கு என்று சொல்லிச் சமாளித்தேன். ஒன்று விட்டு ஒரு நாள் ஊசி. ஊசி போட்ட நாளில் வீட்டில் வந்து எனக்கும் ஒரு கிண்ணம் கேப்பைக் கூழ் வைக்கிறாள். டப்பாவில் முத்திரை ஒட்டுகிறதையும் நேற்றோடு விட்டுவிட்டாள். துவையலுக்கு நான் மன்னிப்புக் கேட்டேன், சத்தியபாயும் கேட்டாள்.

வியாழக்கிழமை வர வேண்டாம். ஏழாம் மாதம் சோறு கொண்டு வாருங்கள், மீன் வேண்டாம், நெய் வேண்டாம், பாயசத்துக்குத் தேங்காய்ப் பால் போதும், அண்டிப்பருப்பு தாராளமாகப் போடச் சொல்லுங்கள். எங்கள் எல்லாருக்கும் அதே சாப்பாடுதான். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் பெண்ணை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். முதல் பேறுகாலம் தாய் வீட்டில்தான் என்று எனக்கும் தெரியும், ஊர் என்ன பேசும் என்றும் தெரியும். வினோஜும் இங்கே இல்லை, அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு... சரி, அதை விடுங்கள். அவளுக்கு அம்மை பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசை இருக்கும், அவள் போகிறேன் என்றால் நான் தடுக்க மாட்டேன், ஆட்டோவில் பையை நானே தூக்கி வைப்பேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன் சம்மந்தி. வருகிறாயா என்று நீங்கள் அவளிடம் கேட்கும்போது, கொஞ்சம் மெதுவாக, ஒரே ஒரு தடவை மட்டும் கேளுங்கள்.