உங்கள் அக்காவின் ரிப்போட்டை ஏற்றிய விபரம்

பிலிமத்தலாவை,
திங்கட்கிழமை.

அன்பும் மதிப்பும் நிறைந்த மைத்துனர் ஜெயராஜ் அவர்களுக்கு, உங்கள் அக்கா புருஷன் யோகராஜ் எழுதிக்கொள்வது. கொழும்பில் நீங்களும் பிள்ளைகளும் நோய்நொடியின்றி இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். இவ்விடம் நாங்கள் சுகம். இந்தச் சொல்லைப் பொய்யில்லாமல் எழுத ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் முடிந்தது.

போன வருஷம் அக்காவின் மார்புக் கட்டியில் ஊசி போட்டுச் சோதித்து, பயமில்லை என்று அனுப்பினார்கள். இந்த வருஷமும் சோதித்தார்கள். ஆனால் பேராதனை க்ளினிக்குக்கு இம்முறை அவள் தனியாகவே போய் வந்தாள். டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால், "ஒண்ணுமில்லங்க, சோத்தத் தின்னுங்க" என்கிறாள். இதைத்தான் போன கிழமை டவுனில் நின்று உங்களிடம் போனில் சொன்னேன். பாதி என் அழுகையிலும் பாதி பஸ் இரைச்சலிலும் போய்விட்டது. நீங்களும் பயந்துபோய் வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து சில நாள் நிற்க லீவு எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அதனால்தான் இம்முறை போன் வேண்டாம் என்று எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போன நேரம் அலுமாரியைத் திறந்தேன். பைலில் மேலாகவே ரிப்போட் இருந்தது. எல்லாம் இங்கிலீஷ். உற்றுப் பார்க்கவும் தைரியமில்லை. நீங்கள் என் போனில் போட்டுத் தந்த ஏஐயிடம் கேட்கலாம் என்று அதைத் திறந்தால், உங்கள் படங்களைப் பார்க்க அனுமதிக்கலாமா என்று கேட்டது. முன்பின் தெரியாத ஆளுக்கு வீட்டுப் படத்தைக் காட்டுவதா? இல்லை என்பதை அமுக்கிவிட்டேன். அதற்குப் பிறகு நான் எவ்வளவு கெஞ்சியும் அது ஒரு படத்தையும் வாங்கவில்லை. அவ்வளவு ரோஷம். போன் திருத்துகிற கொமியூனிகேஷன் கடை ஷிராஸிடம் ஓடினேன். "நீங்களே வேணாம் எண்டு சொல்லிட்டு அத ஏசுறீங்களே அங்கிள்" என்று சிரித்துக்கொண்டே எதையோ தட்டிச் சரி பண்ணினார். ரிப்போட்டை அவரிடம் காட்டவில்லை. காட்டினால் சாயந்தரத்துக்குள் ஊரே விசாரிக்க வந்துவிடும்.

வீட்டுக்கு வந்து ரிப்போட்டைப் படம் பிடித்து அனுப்பினேன். பதில் வந்தது. கண்ணாடி இல்லாமல் கடைசி வரியை மட்டும் எழுத்துக்கூட்டி வாசித்தேன்: 'நன்றாக முற்றிவிட்டது. இனித் தாமதிக்காமல் வெட்டுவது நல்லது.' கதிரையில் இருந்தவன் தரையில் இருக்கிறேன் மச்சான். எப்படியோ கண்ணாடியைத் தேடிப் போட்டு மேலே பார்த்தா, 'நீங்கள் அனுப்பிய பலாக்காய்'னு இருக்கு! உங்களுக்குக் காட்ட எடுத்து வச்ச கொல்லைப் பலாக்காய்ப் படத்துல விரல் பட்டிருக்கு. எழுந்து போய் அந்தப் பலாக்காயைக் கட்டிப்பிடிச்சு முத்தம் கொடுக்கலாம் போல இருந்துச்சு.

ஆனாலும் சகுனம் சரியில்லைன்னு மனசு அடிச்சுக்கிச்சு. யோசிச்சதுல தப்பு புரிஞ்சது. பரீட்சைப் படிவமோ கல்யாணப் பத்திரிகையோ, நாலு மூலையிலும் மஞ்சள் வைக்காம நம்ம வீட்டுல எந்தப் பேப்பர் வாசல் தாண்டியிருக்கு? உடனே மஞ்சளைக் குழைச்சு, கண்ணை மூடிப் பிள்ளையாரை நினைச்சு நல்லாவே வச்சேன். படம் எடுத்து அனுப்பினா, மேல் மூலையில மஞ்சள் கறை, தேதி தெரியல, தெளிவா ஒண்ணு அனுப்ப முடியுமான்னு பணிவாக் கேட்குது. ஈரத்துணியால துடைச்சேன். மஞ்சள் அப்படியே நிக்குது, தேதிதான் துணியோட வந்துருச்சு! சரி, இருக்கிறதை அனுப்புவோம்னா சிக்னல் போயிருச்சு. வட்டம் சுத்துது, சுத்துது, 'தோல்வி, மீண்டும் முயலவும்'ங்குது. போனைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு மேட்டு ரோட்டுக்கு ஏறினேன். கோயில் முடிஞ்சு சனம் வர ஆரம்பிச்சிருச்சு, தூரத்துல உங்க அக்கா சேலை தெரியுது, இங்க வட்டம் இன்னும் சுத்துது.

அப்பத்தான் வந்துச்சு பதில். இந்த ரிப்போட்டின்படி ஆபத்தான உயிரணுக்கள் எதுவும் இல்லையாம். தேதி தெரியாததால இது புது ரிப்போட்தானான்னு பார்த்துக்கணுமாம், டொக்டர்கிட்டயும் கேட்கணுமாம். கந்தோர்ல கிளார்க்கா இருந்த காலமெல்லாம் தேதி இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினவன் நான். அதுக்கும் அதே கிளார்க் புத்தி! உங்க அக்கா பேரு இருக்கு, ஆஸ்பத்திரி பேரு இருக்கு, அப்புறம் தேதி எதுக்கு? ரோட்டோரத்துல உட்கார்ந்து அழுதேன். அவ கிட்ட வந்து, "ஏங்க, என்னாச்சு?"ன்னு பதறினா. கண்ணுல தூசின்னு சொல்லிட்டேன். அவ இல்லாம ஒரு நாள் இருக்க எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியுமே.

ஆகவே மைத்துனரே, லீவை வீணாக்க வேண்டாம். சித்திரைக்கு ஆறுதலாக வாருங்கள். நான் அலுமாரியைத் திறந்தது அக்காவுக்குத் தெரியக்கூடாது. உறையை நன்றாக ஒட்டி, தபாலில் போட அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். உங்கள் வீட்டாருக்கு என் விசாரிப்பும், பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் ஆசியும்.

இப்படிக்கு,
மனம் குளிர்ந்த
யோகராஜ்

பி.கு.: தம்பி, அக்கா எழுதுறேன். பசை காயல, பிரிச்சிட்டேன். உன் மச்சான் போன்ல அனுப்பினது போன வருஷத்து ரிப்போட். எப்படியும் அலுமாரியைக் குடைவார்னு நான்தான் அதை மேல வச்சேன். இந்த வருஷத்தது பக்கத்து வீட்டு றலியாகிட்ட இருக்கு. அது நல்லா இல்லப்பா. அடுத்த திங்கள் பேராதனையில வார்டுக்கு வரச் சொல்லிட்டாங்க. நீ லீவை வெட்டிடாத, ஞாயித்துக்கிழமை கட்டாயம் வா. ரெண்டு நாளா மனுஷன் கேட்டு வாங்கிச் சாப்பிடுறார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால முடியல. நீ வந்து சொல்லு.