பாவுக் கஞ்சி

தாவீதின் எருமைக்கன்று மறுபடி இளைத்திருந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம்.

"ஒரு சொட்டு கறக்காம அத்தினி பாலையும் இதுக்கே வுட்டேனே! எவனோ திருட்டுத்தனமா கறந்துக்கினு போறான்."

அவர் மனைவி பொன்னியம்மாள் சாணி வழித்துக்கொண்டே சொன்னாள். "உன் எருமைகிட்ட எவன்யா வருவான்?"

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை சிவராஜ் வருவான். கன்று எடை நிற்காவிட்டால் எருமையையும் சேர்த்து ஓட்டிவிட வேண்டியதுதான். ஒற்றைக் கன்றுக்காக அதற்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகவில்லை.

தாவீது கொட்டகைக்குப் பூட்டு வாங்கினார். சாவியைப் பொன்னியம்மாளிடம் கொடுத்தார். ஐயம்பேட்டையிலேயே அவர் நம்பும் ஒரே ஆள் அவள்தான்.

கன்று இன்னும் இளைத்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் நெசவுக்காரர் வீட்டுக் கமலவேணியின் கன்று, தாய் செத்து ஐந்து மாதமாகியும் எண்ணெய் தடவியது போல மினுமினுத்தது. தாவீது எட்டி அதை மோந்து பார்த்தார். தறியில் ஏற்றும் பட்டுப் பாவு நூலுக்குப் போடும் அரிசிக்கஞ்சி வாசனை! தன் கன்றை அவர் ஒருநாளும் மோந்து பார்த்ததில்லை.

"கஞ்சி ஊத்தியே வளக்கறாளா? எங்கிட்ட மூச்சு வுட்டாளா பாரு!"

அன்றே ஒரு வாளி பாவுக் கஞ்சி வாங்கிவந்து தன் கன்றுக்கு ஊற்றினார். மூன்று நாள் கழிச்சலில் அது வாலை இறக்கவே இல்லை. மிச்சத்தை எருமைக்கு வைத்தார். மடி புடைத்தது. மினுமினுப்பு மட்டும் அந்த வீட்டுக் கன்றுக்கே ஏறியது.

ஞாயிறன்று சிவராஜ் வந்து பார்த்தான்.

"பெரியப்பா, இத்த ஓட்டிக்கினு போனா கடையில என்னையே தொங்கவுட்டுடுவாங்க. தோ நிக்குது பாரு, அத்த குடு. இப்பவே வண்டியில ஏத்திக்கறேன்."

தாவீது மானத்தை விழுங்கிக்கொண்டு வேலியோரம் போனார்.

"கமலவேணிம்மா, என் எருமைய வேணா புடிச்சிக்கோ. கஞ்சி குடிச்ச அந்தக் கன்ன எனக்குக் குடும்மா."

"குடிக்கவா? இது பால் குடிக்க வர்றப்ப உங்க எருமை மோந்து பாத்து எட்டி உதைக்கக் கூடாதுன்னு ரெண்டு கன்னு மேலயும் பூசின கஞ்சி அது."

"பூசினதா? யாரு?"

பின்னால் நின்ற பொன்னியம்மாள் சாவி முடிந்த முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கமலவேணி சிரித்தாள். "சொன்னா வேணாம்னுவீங்கன்னு, தாய் செத்த அன்னிக்கே உங்க வூட்டம்மா இந்தக் கன்ன வாங்கிட்டாங்க. உங்க கன்ன உங்களுக்கே நான் எப்படி விக்கிறது பெரியவரே?"