கல்லீரலுக்கு மூன்று கொட்டேஷன்

"மூணு வழி இருக்கு, சார்," என்றார் டாக்டர் ஹெப்ரான். "வயித்தைத் திறந்து செய்யலாம். துளை போட்டு லேப்ராஸ்கோப்பில செய்யலாம். ரோபோ வச்சும் செய்யலாம். நல்லா ஒப்பிட்டுப் பாத்துச் சொல்லுங்க."

கட்டிலில் கிடந்த பிரம்மநாயகி கண்ணை மூடிக்கொண்டாள். ஈரலுக்குள் பித்தக்குழாயில் கல் சேர்ந்து, பத்து நாளாக அவளுக்குக் குளிர்காய்ச்சல். ஈரலின் இடப்பக்கத்தில் கொஞ்சம் வெட்டியெடுக்க வேண்டும். தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து.

அவள் கணவர் ஆவுடைநாயகம் தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். குண்டூசி வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும் அவருக்கு. வீட்டுக் கிணற்றுக்கு எந்த மோட்டார் என்று அவர் ஒப்பிட்டு முடித்தபோது கிணறு வற்றியிருந்தது. இப்போது ஒரு டாக்டரே வாய்விட்டு "ஒப்பிடுங்க" என்றதும் மனிதருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

மகள் சித்ரலேகாவை அம்மாவுக்குத் துணை வைத்துவிட்டு, வண்ணார்பேட்டையில் நீளத் தாள் வாங்கிக் கட்டம் போட்டார். திறந்து செய்தால் ஒரு சாண் வெட்டு, படுக்கை அதிக நாள். மற்ற இரண்டுக்கும் நாலைந்து துளை, சீக்கிரம் வீடு. லேப்ராஸ்கோப்பும் ரோபோவும் சமமாக வந்து நின்றன. சமம் என்றால் மறு ஆய்வுதானே? மதுரைக்கு பஸ் ஏறினார்.

"ரோபோ கை நல்லா வளையும். ஆனா அதை ஓட்டுற டாக்டர் கைதான் முக்கியம்," என்றார் மதுரை டாக்டர்.

டாக்டரின் வயது, அனுபவம், கண்ணாடி பவர் என்று மூன்று கட்டம் கூடின. மற்ற இரண்டு முறைகளுக்கும் அதே கட்டங்களைப் போட வேண்டியதாயிற்று.

ஊர் திரும்பியதும் பஸ் ஸ்டாண்டில் பழைய சிநேகிதர் அப்பாத்துரை வாத்தியார் எதிர்ப்பட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரி வே, பாதியில கரண்டு போனா ரோபோ என்ன செய்யும்?" என்றார்.

ஆவுடைநாயகம் அங்கேயே பேனாவை எடுத்தார். ஆறு மாத மின்தடை விவரம் கேட்டு மின்வாரியத்துக்கு மனு எழுதினார். மனுவுக்கு நகல் எடுத்தார். நகலுக்கும் ஒரு நகல் எடுத்தார்.

தினமும் மகளுக்குப் போன் மட்டும் தவறவில்லை. "அம்மா எப்படி இருக்கா?"

"அம்மா நல்லாத் தூங்குதா. நீங்க பையப் பைய பாருங்கப்பா, அவசரமில்ல."

ஆறாம் நாள் பதினெட்டுக் கட்டமும் நிரம்பின. முடிவு: ரோபோ. தாளைச் சுருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

கட்டில் காலி. விரிப்பை மடித்து வைத்திருந்தார்கள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ நாயகி! கட்டம் போட்டே உன்னைக் கொன்னுட்டேனே!" முப்பத்தெட்டு வருஷ தாம்பத்தியத்தில் அவர் சத்தமாக அழுதது அன்றுதான்.

தரை துடைத்துக்கொண்டிருந்த சாரம்மாள் பதறிப்போய் ஓடிவந்தாள். "எதுக்குய்யா அழுவுதிய? அம்மா அங்கன வராந்தாவுல நடக்காவ. ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு நாளாச்சே!"

அவருக்குப் போன உயிர் திரும்பியது. கூடவே தலைமை எழுத்தரும் திரும்பிவிட்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எந்த முறையில செஞ்சாங்க? ரோபோதானே?" என்றார்.

"ரோபோவா? இந்த ஆஸ்பத்திரியில அது ஏதுய்யா? மொத நாளே அம்மாதான் டாக்டர்ட்ட சொன்னாவ: 'மூணு வழி இருக்குன்னு சொல்லி எங்க வீட்டு அவியள ஒப்பிட அனுப்பிருங்க, நான் பொழச்சுக்கிடுதேன்'னு."