எண்ணெய் வண்ணம், கித்தான், நெல்

இந்தியாவில் நவீன ஓவியத்தை முதன்முதலில் புரிந்துகொண்டவர் நீடாமங்கலத்தில் தார்ப்பாய் விற்றவர் என்று நான் எழுதினால் டெல்லிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். அதனால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். புரியாமலேயே அதை எப்படிப் பார்ப்பது என்று கண்டுபிடித்த முதல் மனிதர் அவர்தான். இதற்குக் கீழே இறங்க மாட்டேன்.

அவருடைய முழுப் பெயர் கடைப் பலகையில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை. ஊருக்கு அவர் கித்தான் பாய். வண்டிக்கும் படகுக்கும் நெல் குவியலுக்கும் போர்த்துகிற கெட்டிக் கித்தான் துணிக்கு ஒரு பக்கம் மெழுகு ஏற்றி, ஓரத்தில் கயிறு கோப்பதற்குப் பித்தளை வளையம் அடித்துக் கொடுப்பார். மயிலிறகு நிறக் கைலி, வெள்ளைத் தாடி, சுத்தியல். இந்த மூன்றும் இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. நான் அப்போது நீடாமங்கலம் ஜங்ஷனில் பார்சல் கிளார்க். எனக்கு அவர் வைத்த பெயர் 'பார்சல் தம்பி'.

எல்லாம் தொடங்கியது ஒரு ரயில் தவறியதால். மெட்ராஸ் ஓவியர் ஒருவர் நாகப்பட்டினம் வண்டியைத் தவறவிட்டு, மழைக்குப் பாய் கடையில் ஒதுங்கினார். சும்மா உட்கார முடியாத ஆள். கீழே கிடந்த கித்தான் துண்டை எடுத்து, படகுக்குப் பூசும் தாரும் மாட்டு வண்டிக்கு அடிக்கும் நீலச் சாயமும் கேட்டு வாங்கி, ஏதோ இழுத்தார். அடுத்த வண்டி வந்ததும் படத்தை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். பாய் அதைச் சுவரில் மாட்டி ஒரு வாரம் பார்த்தார். கடைக்கு வந்தவர்கள் அது என்ன என்று கேட்டார்கள்.

"தெரியலைங்க" என்றார் பாய். "தெரிஞ்சிருந்தா அன்னைக்கே கழட்டியிருப்பேன்."

அந்த ஓவியர் மெட்ராஸில் போய்ச் சொன்னார். இரண்டே வருடத்தில் பரோடாவிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஆட்கள் நீடாமங்கலத்துக்கு டிக்கெட் எடுத்தார்கள். பாய் அவர்களுக்குக் கித்தான் கொடுப்பார். வரைந்ததை அவர்கள், சாவி அவரிடம் இருந்த கிடங்கில் தொங்கவிடுவார்கள். இன்று ஓவியப் புத்தகங்களில் 'நீடாமங்கலம் கேலரி' என்று தடித்த எழுத்தில் போடுகிறார்களே, அது இந்த நெல் கிடங்குதான்.

அந்தக் கிடங்கை நினைத்தால் இப்போதும் மத்தியானத் தூக்கத்திலிருந்து பாதி விழித்த மாதிரி இருக்கும். உயரமான ஓட்டுக் கூரை. நடுநடுவே கண்ணாடி ஓடு. அதன் வழியாக வெயில் சாய்வாக இறங்கும். அந்த வெயிலில் நெல் தூசி மிதந்துகொண்டே இருக்கும், கீழே வந்து சேரவே சேராது. பின்பக்கம் வாய்க்கால் ஓடும் சத்தம். சுவரில் படங்கள் காற்றுக்கு லேசாக அசையும். கீழே நிற்கிற நமக்குத்தான் நாம் அசைகிறோமோ என்று சந்தேகம் வரும்.

படங்கள் ஏன் அசையும் என்று கேட்பீர்கள். பாய் சட்டம் போட மாட்டார். ஓவியர்கள் உயிரைக் கொடுத்து வரைந்த படங்களின் ஓரத்தில், கண்ணை மூடித் திறப்பதற்குள், டக் டக்கென்று பித்தளை வளையங்களை அடித்துவிடுவார். பிறகு கயிறு கோத்து உத்தரத்தில் கட்டுவார். கல்கத்தா ஓவியர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு நெல் மூட்டை மேல் உட்கார்ந்து அழுதே விட்டார்.

பாய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "தார்ப்பாயின்னாலும் படம்னாலும் கட்டுறதுக்கு ஓட்டை வேணுங்க. காத்து கேட்டுட்டா வரும்?" என்று சமாதானம் சொன்னார். அந்தக் கல்கத்தாக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அழுகை நின்றது.

உள்ளே வருகிறவர்களுக்கு ஒரே ஒரு விதிதான். வாசலில் பாய் கையாலேயே வெற்றிலை மடித்துக் கொடுப்பார். அதை வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். கிடங்குக்குள் துப்பக் கூடாது. வெற்றிலை தீரும்வரை பேசவும் கூடாது. வாய் நிறைய வெற்றிலையோடு யாரும் பேச முடியாது, அதுதான் சூட்சுமம். 'இது என்ன', 'இதை என் பேரனே வரைவான்' என்றெல்லாம் சொல்லத் துடித்துக்கொண்டு வந்தவர்கள், கன்னம் உப்பிப்போய் கால் மணி நேரம் நீலத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வெற்றிலை தீரும்போது கேள்வியும் தீர்ந்திருக்கும். மெதுவாக வெளியே போய்விடுவார்கள்.

தை மாசியில் மட்டும் கொஞ்சம் சிரமம். கிடங்கு வடக்குத் தெரு மிராசுதாருடையது. அறுவடை முடிந்தால் அவருடைய மூட்டைகள் நடுவில் கூரைக்குக் கொஞ்சம் கீழ்வரை ஏறிவிடும். படங்களின் தலை மட்டும் தெரியும். "இப்ப பாதிதான் தெரியும், மீதிய சித்திரையில வந்து பாருங்க" என்று பாய் பரோடாவுக்குக் கடிதம் எழுதச் சொல்வார். எழுதியவன் நான்தான்.

இனி சிவப்புப் படத்துக்கு வருகிறேன். இதில் என் பாவமும் ஒன்று இருக்கிறது.

ஆட்சி மாறியிருந்த சமயம். ஒரு பக்கம் கூலி உயர்வு கேட்டு வயலில் செங்கொடி, இன்னொரு பக்கம் அரிசி கடத்தல் சோதனை. மாவட்டம் தாண்டி அரிசி போகக் கூடாது என்று தாசில்தார் ஜங்ஷனில் வந்து நிற்பார். அன்று மெட்ராஸிலிருந்து கோணி சுற்றி, ஆள் உயரத்துக்கு ஓர் உருளை பாய் பெயருக்கு வந்தது. மூட்டையில் குத்தி, மாதிரிக்கு நெல் எடுக்கும் குத்தூசியோடு தாசில்தாரின் டவாலிச் சேவகர் தயாராக நின்றார்.

"என்னங்க இது?" என்றார் தாசில்தார்.

"படம் சார்" என்றேன்.

"இம்மாம் பெரிய படமா?" என்று அவர் தலையசைக்க, டவாலி குத்திவிட்டார். நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அரசாங்கத்தைப் பார்த்தால் எனக்கு அப்போதெல்லாம் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

கிடங்கில் விரித்தபோது, பாய் அனுப்பிய கித்தானிலேயே, சுவர் முழுக்க நிறைகிற சிவப்பு. கெட்டியாக, மாவு மாதிரி அப்பிய சிவப்பு, இன்னும் காயக்கூட இல்லை. நடுவில் என் ஓட்டை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாய் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு பையிலிருந்து பித்தளை வளையம் ஒன்றை எடுத்து, சிவப்பின் நட்டநடுவே டக்கென்று அடித்தார்.

"கிழிஞ்ச இடத்துக்கு வளையம் போட்டா அதுக்கு மேல கிழியாது தம்பி. நீங்க போய் டீ குடிங்க" என்றார்.

படம் அனுப்பிய மெட்ராஸ் ஓவியருக்கு நடந்ததையெல்லாம் கடிதத்தில் எழுதினேன். 'இருக்கட்டும்' என்று ஒரே சொல்லில் கார்டு வந்தது.

ஊரில் இருக்கட்டும் என்று விட யாரும் தயாராக இல்லை. ஊரே இரண்டாகக் கிடக்கும்போது சுவர் நிறையச் சிவப்பைத் தொங்கவிட்டால் சும்மா விடுவார்களா? கூலிக்காரர் சங்கத் தலைவர் மாரிமுத்து வந்து, "நம்ம கொடிதான். ஆனா அருவாளக் காணுமே பாய்" என்று வருத்தப்பட்டார். ஆளும் கட்சிக் கிளைச் செயலாளர், பாதியைக் கறுப்பாக்கினால் நல்லது என்று யோசனை சொன்னார். பிறகு நடுவில் மின்னும் பித்தளையைப் பார்த்து, "சூரியனா? அப்ப சரி" என்று சமாதானமாகிவிட்டார்.

மிராசுதார் சமாதானமாகவில்லை. "என் கெடங்குலயே எனக்குக் கொடி புடிக்கிறீங்களா பாய்? அறுப்பு முடிஞ்சு நெல்லு உள்ள வர்றதுக்குள்ள அந்தச் செவப்பு எறங்கணும். இல்லன்னா சாவியக் குடுத்துட்டுப் போயிடுங்க."

பாய் வெற்றிலையை நீட்டினார். மிராசுதார் வாங்கவில்லை.

அன்றிலிருந்து பாய் மத்தியானத்தில் வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டார். சிவப்புக்கு எதிரே கோணியை விரித்துப் படுத்துக்கொள்வார். வெயில் நகர நகர அந்தச் சிவப்பு செங்கல்லாகும், மாதுளையாகும், சாயங்காலத்தில் கண்ணை மூடினால் இமைக்குள் தெரிகிற நிறமாகும். "சாவி போச்சுன்னா இதெல்லாம் எங்க தம்பி தொங்கும்? எங்கடையில நாலு தார்ப்பாய்க்கே எடமில்ல" என்றார் ஒரு நாள். அந்தக் கவலையை அவர் சொல்லிக் கேட்டது அந்த ஒரு தடவைதான். படத்தை மட்டும் கழற்றிவிடலாமே என்றேன். "ஒருத்தரு சொல்லிக் கழட்டுனா நாளைக்கு எல்லாரும் சொல்லுவாங்க" என்றார்.

கதிர் முற்றித் தலை சாய்ந்துவிட்டது. கூலி கூடாமல் அறுக்க மாட்டோம் என்றார் மாரிமுத்து. ஒரு மரக்கால்கூடக் கூட்ட மாட்டேன் என்றார் மிராசுதார். பேச்சு வார்த்தைக்கு இடம் கிடைக்கவில்லை. மிராசுதார் வீட்டுக் கூடத்தில் மாரிமுத்துவை ஏற்ற மாட்டார்கள். மாரிமுத்துவின் தெருவுக்கு மிராசுதார் வர மாட்டார். "யாருக்கும் ஒண்ணும் புரியாத எடம் ஒண்ணு இருக்கு, அங்க உக்காருவோம்" என்றார் தாசில்தார்.

இப்படியாகத் தஞ்சாவூர் ஜில்லாவின் ஒரு கூலித் தகராறு நவீன ஓவியக் கூடத்துக்கு வந்தது. வாசலில் பாய் நின்றார். அதே தட்டு, அதே கை. முதலில் மாரிமுத்துவுக்கு, பிறகு மிராசுதாருக்கு, பிறகு தாசில்தாருக்கு. வந்த வரிசைப்படிதான் கொடுத்தார். மிராசுதார் ஒரு நிமிடம் யோசித்தார். தாசில்தார் பார்த்துக்கொண்டிருந்ததால் வாங்கிக்கொண்டார். எல்லோருக்கும் ஒரே உயர நெல் மூட்டைதான் ஆசனம். அதுவரை ஒருவர் எதிரே ஒருவர் உட்கார்ந்தே இராத இருவர், கன்னத்தை உப்பிக்கொண்டு, சிவப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வாய்க்கால் சத்தம் மட்டும் கேட்டது. தாசில்தார் லேசாகக் குறட்டை விட்டார்.

வெற்றிலையை முதலில் முடித்தவர் மாரிமுத்து. "நடுவுல மினுங்குதே, அது நெல்லு மணிங்களா?" என்றார், யாரைப் பார்த்தும் கேட்காமல்.

மிராசுதார் சாற்றை விழுங்கினார். "நான் அத வெளக்குன்னுல்ல நெனச்சேன், மாரிமுத்து."

அவர் 'டா' போடாமல் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அது டவாலி குத்திய ஓட்டைக்குப் போட்ட வளையம் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. நல்ல வேளை, என் வாயிலும் வெற்றிலை இருந்தது. அரை மணி நேரத்தில் கேட்டதில் பாதிக்கு முடிவானது.

ஆனால் பட விஷயத்தில் மிராசுதார் பிடி தளரவில்லை. எழுந்து போகும்போது, "நெல்லு வர்றதுக்குள்ள எறங்கணும். அது அதுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

தகராறில் அறுவடை தள்ளிப் போனதால் எல்லா வயலும் ஒரே வாரத்தில் விழுந்தது. ஊரிலிருந்த தார்ப்பாய் எல்லாம் வெளியே போய்விட்டது. கிடங்கை ஒட்டிய களத்தில் மிராசுதாரின் நெல் மலையாகக் கிடந்தது. பக்கத்தில் சின்னதாக, புதிய கணக்கில் அளந்து போட்ட கூலி நெல். மத்தியானம் மூன்று மணிக்கு, தை மாதத்தில் வரவே கூடாத மழை, தெற்கிலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. மூட்டை பிடிக்க நேரமில்லை.

"பாய், தார்ப்பாய் இருக்கா?" என்று களத்திலிருந்து கத்தினார்கள்.

பாய் கடையைத் திரும்பிப் பார்த்தார். காலி. பிறகு கிடங்கைப் பார்த்தார்.

பரோடா, கல்கத்தா, மெட்ராஸ் என்று ஒவ்வொரு படமாக முடிச்சு அவிழ்ந்து வந்தது. மெழுகுப் பக்கம் மேலே, வண்ணப் பக்கம் கீழே. வளையத்தில் கயிறு கோத்து இழுத்துக் கட்டினோம். மலையை மூடுவதற்குள் எல்லாப் படமும் தீர்ந்துவிட்டது. கூலி நெல் திறந்து கிடந்தது. சுவரில் சிவப்பு மட்டும் பாக்கி.

"அது வேணாம் பாய்" என்றார் மாரிமுத்து. "அத எறக்குனா நீங்க தோத்த மாதிரி ஆயிடும். எங்க நெல்லு போனாப் போவுது."

"நெல்லு நனையுதுப்பா" என்றார் பாய். அவ்வளவுதான் சொன்னார்.

யார் சொல்லியும் இறக்காத படத்தை அவரே அவிழ்த்தார். மூன்று மூலையைப் பாயும் மாரிமுத்துவும் நானும் பிடித்தோம். நாலாவது மூலை காற்றில் அடித்துக்கொண்டது. சரிகை வேட்டி முழங்காலுக்கு மேல் ஏற, சேற்றில் ஓடிவந்து அதைப் பிடித்துக் கட்டியவர் மிராசுதார். கூலிக்காரர் நெல்லுக்குத்தான் கட்டினார். அவர் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதியை அன்றே விட்டுவிட்டேன்.

மறுநாள் வெயிலில் எடுத்துப் பார்த்தபோது, நடு வளையத்துக்குக் கீழே ஒரு பிடி தவிர நெல் ஒரு மணிகூட நனையவில்லை. ஆனால் காயாத சிவப்பில், ஈரத்தில் பறந்து உட்கார்ந்த ஈசல் மாதிரி, ஆயிரக்கணக்கில் நெல் ஒட்டியிருந்தது. ஓவியருக்கு மறுபடி கடிதம் எழுதினேன். மறுபடி 'இருக்கட்டும்' என்று வந்தது.

அதை மறுபடி மாட்டாமல் இருக்கப் பாயால் முடியாது. அதனால் படத்தைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, சாவியைத் திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொண்டு மிராசுதாருக்காகக் காத்திருந்தார். அவர் வந்தார். தானே தட்டிலிருந்து வெற்றிலை எடுத்துப் போட்டுக்கொண்டார். காலிச் சுவரையே வெகுநேரம் பார்த்தார். வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து கேட்டார்.

"அத எப்ப மாட்டுறதா இருக்கீங்க? செவுரு வெறிச்சின்னு கெடக்கு."

பாய் சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நாடெங்கும் இளம் ஓவியர்கள் வைக்கோல், உமி, சாக்கு என்று கிடைத்ததையெல்லாம் கித்தானில் ஒட்ட ஆரம்பித்தார்கள். அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். பாய் அதைக் கேள்விப்படவில்லை. அதற்குள் மௌத்தாகிவிட்டார். படங்கள் பல ஊருக்குப் போயின. கிடங்கு இப்போது டைல்ஸ் கடை.

போன மாதம் மகளைப் பார்க்க டெல்லி போனபோது ஒரு பெரிய மியூசியத்துக்கு அழைத்துப் போனாள். குளிர்சாதன அறை, தனி விளக்கு, அதன் கீழே என் சிவப்பு. ஓரமெல்லாம் பித்தளை வளையம், நடுவில் நான் தடுக்காமல் விட்ட ஓட்டை, மேலெல்லாம் நீடாமங்கலத்து நெல். பக்கத்தில் அட்டை: எண்ணெய் வண்ணம், கித்தான், நெல். ஒரு வழிகாட்டி, நடுவிலுள்ள வளையம் வெறுமையைக் குறிக்கிறது என்று பத்துப் பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, உங்களுக்குப் புரியுதா?" என்றாள் மகள்.

வாசலில் சோதனை போட்டவர்கள் கண்ணில் படாமல் கொண்டுவந்த வெற்றிலை அப்போது என் வாயில் இருந்தது. அது தீரும்வரை நின்றேன். துப்ப இடமில்லை, விழுங்கிவிட்டேன். தொண்டை அடைத்தது அதனால்தான் என்று மகளிடம் சொன்னேன். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.