ஜனவரியில் மட்டும் ஏறிய கோடு

புள்ளியியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவர்களுக்கு எண்ணத் தெரியும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். என்னை வைத்துத்தான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் சிங்காநல்லூரில் ஒரு நூற்பாலையில் சேர்ந்தேன். சேர்ந்த மாதமே, நூல் உற்பத்தி பற்றி அரசு பொதுவில் வெளியிட்ட குறியீட்டெண்கள் ஒரு ஃபிளாப்பியில் கைக்கு வந்தன. பருவ ஏற்றத்தாழ்வை நீக்கிய எண்கள். அதாவது, தீபாவளி பொங்கல் பரபரப்பைக் கழித்துவிட்டால் தொழில் நிஜமாகவே ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டுபவை.

கம்ப்யூட்டரில் ஏற்றும்போது, அட்டவணையில் மாதங்கள் எத்தனையாவது பத்தியில் தொடங்குகின்றன என்று மென்பொருள் கேட்டது. ஒன்று என்று தட்டினேன். (பதில் சொன்னதே பெரிது, யோசிக்க வேறு வேண்டுமா?) வரைபடம் வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பதினோரு மாதம் தரையோடு தவழ்ந்த கோடு, ஒவ்வொரு ஜனவரியிலும் மருதமலை உயரத்துக்கு எழும்பியது. பருவத்தைக் கழித்த பிறகும் இப்படி ஓர் ஏற்றம். நாட்டில் எவர் கண்ணுக்கும் படாதது என் கண்ணில் பட்டுவிட்டது.

அச்செடுத்த தாளோடு முதலாளி அறைக்கு ஓடினேன்.

"ஜனவரியில நூல் பிச்சுக்கிட்டுப் போகுதுங்க சார்."

"நெசமாவாங்க அம்மணி?"

"கம்ப்யூட்டரே சொல்லுதுங்க."

அந்தக் காலத்தில் இந்த ஒரு வாக்கியம் போதும். பொங்கல் விடுமுறை ரத்து, மூன்று ஷிஃப்டும் ஓடும் என்று அறிவிப்பு டைப் ஆகி வந்தது. கையெழுத்துப் போட முதலாளி பேனாவைத் திறந்த நேரத்தில், நூல் வாங்க வந்திருந்த கோட்டைமேட்டு வியாபாரி இஸ்மாயில் பாய் என் தாளை எட்டிப் பார்த்தார்.

"இந்த மொத உச்சி எத்தனைம்மா?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறுங்க பாய்."

"அடுத்தது?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி ஒண்ணுங்க."

"அதுக்கடுத்தது தொண்ணூத்தி ரெண்டுங்களா?"

எனக்கு மெய்சிலிர்த்தது. "எப்படிங்க பாய் தெரிஞ்சுது?"

"அந்த வருசந்தானுங்க எனக்குக் கல்யாணம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் பத்தியில் இருந்தது ஆண்டு. அதை ஜனவரியாக்கி, ஜனவரியைப் பிப்ரவரியாக்கி, கடைசியில் இடமில்லாமல் டிசம்பரை வெளியே தள்ளியிருந்தேன். திரும்பப் போய் இரண்டு என்று தட்டினேன். கோடு நல்ல பிள்ளையாகப் படுத்துக்கொண்டது.

முதலாளி அறிவிப்பை நான்காகக் கிழித்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"பொங்கலுக்கு ஊட்டுக்குப் போயிட்டு வாங்க அம்மணி," என்றார். "போறப்ப அந்த மிஷினை ஆஃப் பண்ணிப்போட்டுப் போங்க."

கல்யாணமான புதிதில் இதைக் கணவரிடம் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஜனவரி ஒன்றாம் தேதியும் புதுக் காலண்டரை மாட்டிவிட்டு, சமையலறை வாசலில் வந்து நின்று, மிகுந்த அக்கறையோடு அறிவிக்கிறார்:

"ஏனுங்க மேடம், இந்த வருசமும் கரெக்டா ஒண்ணு ஏறியிருக்குதுங்க."