மீசை வைத்த மோகினி

தமிழ்நாட்டில் மோகினியாக நடித்தவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். பெரிய மீசையோடு நடித்தவர் ஒரே ஒருவர்தான். அவரோடு பழகும் கொடுமை எனக்கு வாய்த்தது.

கச்சிராயபாளையத்துச் சினிமாக் கொட்டாயில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். ஊரே அவரை 'மோகினியண்ணன்' என்றுதான் கூப்பிடும். ரேஷன் கடையில்கூட அப்படித்தான். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. அதை ஒரு பட்டமாகவே வைத்திருந்தார்.

அந்தப் படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்காவது மரியாதையாக இருப்பார்கள். கறுப்பு வெள்ளைப் பேய்ப் படம். என் பள்ளிக்கூட நாட்களில் கல்வராயன் மலையில் வைத்து எடுத்தார்கள். மலை அழகுக்காக இல்லை, வாடகை கேட்க அங்கே ஆள் இல்லை என்பதற்காக. கிணற்றிலிருந்து மோகினியாக எழுந்து வரவேண்டிய நடிகை, கிணற்றுக்குள் தண்ணீர்ப் பாம்பைப் பார்த்ததும் மெட்ராஸ் பஸ் ஏறிவிட்டார். சாமான் தூக்கப் போயிருந்த நம் ஆளுக்கு வெள்ளைப் புடவையைச் சுற்றிவிட்டார்கள். மீசையை எடுக்கச் சொன்னதற்கு, "உசுர வேணா எடுத்துக்கோங்க" என்றாராம். சரி என்று சவுரி முடியை முன்னால் இழுத்துவிட்டு மறைத்தார்கள். கேமரா ஓடும்போது காற்றடித்தது. திரும்ப எடுக்கக் கையில் பிலிம் இல்லை.

மற்ற அம்சங்களும் இந்தத் தரத்துக்குக் குறைந்தவை அல்ல. வௌவால் கயிற்றோடு பறக்கும். மண்டை ஓட்டின் உச்சியில் சுரைக்காய்க் காம்பு இருக்கும். கதாநாயகனைத் துரத்தும் மோகினி பாதி வழியில் நின்று, காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி துரத்தும். கதாநாயகனும் நாகரிகமாகக் காத்திருப்பார்.

இந்தப் படத்தை எங்கள் ஊருக்கு வரவழைத்ததே மோகினியண்ணன்தான். வேறு படம் கிடைக்காத ஒரு வாரத்தில் முதலாளியின் காலைப் பிடித்துக் கெஞ்சி வாங்கிவிட்டார். இரண்டு நாள் ஓட்டித் திருப்பி அனுப்புவதாகப் பேச்சு. அதற்குள் இடஒதுக்கீட்டுப் போராட்டம் வெடித்தது. கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. போகவேண்டிய படப்பெட்டி போகவில்லை, வரவேண்டிய பெட்டி வரவில்லை. உரக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த எனக்கு, உரமே வராததால் எழுதக் கணக்கும் இல்லை. தினமும் கொட்டாய்க்குப் போனேன். ஊரும் வந்தது. பயப்பட இல்லை, திட்ட.

வாசலில் அண்ணன் டிக்கெட்டைக் கிழிக்குமுன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார். "இங்க கோளாறு கீளாறு இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்பறம் கேஸாயிடப் போவுது."

உள்ளே நடந்ததோ வேறு. கீற்று இடுக்கு வழியாக வெயில் இறங்கி மோகினியின் முகத்தில் வட்டப் பொட்டு வைக்கும். கிணற்றிலிருந்து அது தலையைத் தூக்கியதும் மணல் தரையிலிருந்து குரல் கிளம்பும்.

"யக்கா, மீசையில சேறு ஒட்டிக்கினு இருக்குது, தொடச்சிக்கினு வா!"

"செருப்பு போட்டுக்கினு தொரத்தக்கா, முள்ளு ஜாஸ்தி!"

திரைக்குப் பக்கத்தில் நிற்கும் அண்ணன் கத்துவார். "சிரிக்காதீங்கடா! இது பயப்படற எடம்டா!"

படம் அலுத்து, கேலி அலுத்து, கடைசியில் கொட்டாவியும் அலுத்துப்போனது. அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. புதுப் படப் பெட்டியை ஒருவர் சைக்கிளில் கட்டி, வெட்டிப்போட்ட மரங்கள்வரை கொண்டுவந்திருக்கிறார். மறியல்காரர்களும் பெட்டிதானே என்று விட இருந்தார்கள். அங்கே போய் நின்ற மோகினியண்ணன், "சினிமா பொட்டியெல்லாம் வுட்டீங்கன்னா உங்க போராட்டத்த எவன் மதிப்பான்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி என்று பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதோடு நிற்காமல், அவர்களில் ஒருவர் முதலாளியைப் பார்த்தபோது, "உங்க ஆளுக்குத்தாங்க இன்னா உணர்ச்சி!" என்று பாராட்டியும் விட்டார்.

மறுநாள் சந்தை. பகல் ஆட்டத்துக்கு ஊர் இளவட்டம் முழுக்க வந்தது, அண்ணனை உதைக்க. முதலாளி முன்னால் நின்றார்.

"ஏன்யா, என் சோத்த தின்னுக்கினு எனக்கே மறியல் பண்றியா?"

அண்ணன் தலை குனியவில்லை. "ஒரே ஒரு ஆளு பயந்து நான் பாக்கணும் முதலாளி. எத்தினி வருசமா காத்துக்கினு இருக்கறேன் தெரியுமா? இன்னிக்கு ஒரு ஆட்டம் ஓட்டுங்க. ஒருத்தரும் பயப்படலன்னா நானே போயி அந்தப் பொட்டிய தலையில தூக்கிக்கினு வரேன்."

ஊர் ஒத்துக்கொண்டது. தோற்கப்போகிற பந்தயம்தானே.

அன்றைக்கு மலையிலிருந்து புளியும் சாமையும் கொண்டு இறங்கியிருந்தவர்கள் சந்தையில் வாங்க வியாபாரி இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். சும்மா இருப்பானேன் என்று அவர்களும் கொட்டாய்க்கு வந்தார்கள். அண்ணன் முகம் மலர்ந்தது. புது ஆட்கள்! அவர்களைத் தன் கையாலேயே முன்வரிசை மணலில் உட்காரவைத்தார்.

படம் ஓடியது. மலைக்காரர்கள் சிரிக்கவில்லை, பேசவுமில்லை. வௌவாலின் கயிற்றைக்கூட மரியாதையாகப் பார்த்தார்கள். கிணறு வந்தது. மோகினி எழுந்தது. பின்னால் தீப்பந்தம் பிடித்த ஊர் ஜனங்கள் ஓடிவந்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை வீறிட்டு எழுந்து நின்றாள்.

அண்ணன் துள்ளிக் குதித்தார். "பாத்தீங்களா! பாத்தீங்களாடா!"

அந்தப் பெண் திரையைக் காட்டி அழுதுகொண்டிருந்தாள். "எங்கண்ணன்... அது எங்கண்ணங்க!"

மோகினியைப் பார்த்து அவள் பயப்படவே இல்லை. மோகினியின் தோளுக்குப் பின்னால் பந்தம் பிடித்து நின்றவர் அவளுடைய அண்ணன். படம் எடுத்தபோது மலை ஜனங்களைக் கூட்டம் சேர்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிற்பாடு அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் ஒரு போட்டோகூட இல்லையாம்.

"முழுசா தெரியலீங்க. அந்தப் பேயி மறைச்சிக்கினு நிக்குது" என்றாள்.

கொட்டாய் சிரிக்கவில்லை. நான் மோகினியண்ணனைப் பார்த்தேன். ஜெயித்த முகம் மெல்ல வாடியது. மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு ஆபரேட்டர் அறையைப் பார்த்துக் கத்தினார். "நிறுத்துப்பா! அந்த ரீலை மொதல்லேருந்து போடு."



ரீல் மறுபடி ஓடியது. அண்ணன் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் மணலில் குந்தினார். அந்தப் படத்தில் தன் ஒவ்வொரு அசைவும் அவருக்கு மனப்பாடம்.

"இரும்மா... இப்ப நான் எழுந்துக்கறேன். என்னப் பாக்காத. இப்ப காத்தடிக்கும், அப்பவும் என்னப் பாக்காத. இப்ப முள்ளெடுக்கக் குனியப்போறேன். அப்ப பாரு, பின்னாடி பாரு!"

மோகினி குனிந்தது. அதன் முதுகுக்கு மேலே, பந்தத்தின் வெளிச்சத்தில், பல் தெரியச் சிரித்துக்கொண்டு ஒரு மனிதர் நின்றார். பேயை விரட்ட வந்தவர் அப்படிச் சிரிக்கக் கூடாது, நடிப்பு படுமோசம். அவருக்குக் கேமராவைப் பார்ப்பதில் அவ்வளவு சந்தோஷம்.

"அதாங்க" என்றாள் அவள். "அப்படித்தாங்க சிரிப்பாரு."

"இன்னொருவாட்டி போடுப்பா" என்றார் அண்ணன்.

எத்தனை முறை போட்டார்கள் என்று நான் எண்ணவில்லை. உதைக்க வந்தவர்கள் பீடியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் மீசையைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை யாரும் கேட்காமலே அண்ணன் கிளம்பிப் போனார். சாய்ந்து கிடந்த மரங்களை ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, மறியல்காரர்களிடம் என்ன சொன்னாரோ, திரும்பிப் போன புதுப் பெட்டியைத் தேடிப் பிடித்து, தலையில் சுமந்துகொண்டு வந்து கொட்டாய் வாசலில் இறக்கினார். "இதுவாவது நல்லா இருக்குதான்னு பாருங்க" என்றார். அதுவும் நன்றாக இல்லை. அது வேறு விஷயம்.

ரோடு திறந்து பஸ்கள் ஓடத் தொடங்கிய பிறகு வந்த ஒரு சந்தை நாளில், அந்தப் பெண் மலைத்தேன் ஒரு புட்டி கொண்டுவந்தாள். "அண்ணனுக்கு" என்று கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு முறுக்கைக்கூட யாருக்கும் பிய்த்துக் கொடுத்தறியாத மனிதர், புட்டியைத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு முழுக்கச் சுற்றினார். உரக்கடைக்கும் வந்தார்.

"சார், கைய நீட்டுங்க. மலையிலேருந்து என் தங்கச்சி கொண்டாந்துச்சி."

எனக்குத் தேன் என்றால் சின்ன வயதிலிருந்தே குமட்டும். கையை நீட்டினேன்.